அடுத்தவர் படத்தில் விழுந்த பட்டை

"ஆம்பளை வயித்துக்குள்ள குழந்தையோட முதுகெலும்பு தெரியுதும்மா. கோளாறு உங்க பொட்டியிலயா, என் கண்ணுலயா?"

சிதம்பரத்திலிருந்து டாக்டரம்மா போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. நான் மஞ்சக்குப்பத்தில், நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், காலை இட்லியை முடித்துவிட்டு அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்திருந்தேன்.

டாக்டரம்மா சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் நடத்துகிறார். எங்கள் கம்பெனி செய்கிற பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. ஸ்கேன் மெஷின் எடுக்கும் படங்களை வாங்கிச் சேமிப்பதும், கேட்கும்போது எடுத்துத் தருவதும் அந்தப் பெட்டியின் வேலை. அதற்குள் ஓடும் இயங்குதளத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிற நிரலை டிரைவர் என்போம். அதைப் பார்த்துக்கொள்கிறவள் நான். கம்பெனி பெங்களூரில், நான் கடலூரில் வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். கடலோரக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்கு டிரைவர் வேலை என்று கேள்விப்பட்டு என் பெரியம்மா எந்த ரூட் பஸ் என்று விசாரித்ததைச் சொல்லி எங்கள் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

கோளாறு என்றால் பெங்களூரில் உள்ள உதவிப் பிரிவைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் பெட்டியைப் பொருத்தும்போது நான் போயிருந்தேன். பக்கத்தில் கடலூரிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு டாக்டரம்மா வேறு யாரையும் கூப்பிடுவதில்லை.

"படத்த அனுப்புங்க டாக்டர். பேரு, வயசு ரெண்டையும் மறைச்சிடுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா? மறைச்சிட்டேன். பாரு."

பார்த்தேன். ஒரு ஆணின் சிறுநீரக ஸ்கேன். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சரியாக இருந்தன. நடுவில் குறுக்கே ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள், வெள்ளை மணிகளைக் கோத்ததுபோல், வயிற்றில் இருக்கும் ஒரு சிசுவின் முதுகெலும்பு. அவ்வளவு சுத்தமான படம். புள்ளியோ கீறலோ ஒன்றும் இல்லை. யாரோ கத்திரிக்கோலால் நறுக்கி ஒட்டியதுபோல் இருந்தது.

அந்த சென்டரில் காலையில் ஒரு ஜூனியர் டாக்டர் வரிசையாக ஸ்கேன் எடுப்பார். மதியம் டாக்டரம்மா பெட்டியில் சேர்ந்த படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். முந்தின நாள் அப்படி எழுத உட்கார்ந்தபோது கண்ணில் பட்டிருக்கிறது. "இதுல எழுதுற வரைக்கும் எழுதிட்டேன். இனிமே உங்க பொட்டிய நம்பி ஒரு ரிப்போர்ட்டும் எழுத மாட்டேன். மெஷின்லயே பாத்து எழுதுறேன். வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, நிக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெங்களூரில் இருந்தாலும் தமிழர். அவர் படத்தைப் பார்த்ததும் சொன்னது: "டிஸ்க் போயிடுச்சு. மாத்திடுங்க."

டிஸ்க் மாற்றினார்கள். சில நாள் கழித்து இன்னொரு படத்தில் பட்டை விழுந்தது. ஒயரை மாற்றினார்கள். அந்த வாரமே பெட்டி வேலைக்கு நடுவில் திடீரென்று விழுந்து, தானே மறுபடி எழுந்தது. இதற்கு முன்பும் அப்படி விழுந்திருக்கிறது; கரன்ட் பிரச்சினை என்று எழுதி மூடிவிட்டிருந்தார்கள்.

எனக்கு முதல் நாளிலிருந்தே டிஸ்க் மேல் சந்தேகம் வரவில்லை. கெட்டுப்போன டிஸ்க் பதில் சொல்லாது, இல்லையென்றால் குப்பையைத் தரும். இன்னொருவர் படத்தில் ஒரு துண்டை இவ்வளவு பதவிசாக எடுத்துக்கொண்டு வந்து வைக்காது. பட்டையின் நீளத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் டிரைவர் டிஸ்க்கிடம் ஒரு தடவைக்குக் கேட்கும் அளவு எவ்வளவோ, பட்டை சரியாக அவ்வளவு. அது தொடங்கிய இடமும் மெமரியை இயங்குதளம் பங்கு போடும் எல்லைக்கோட்டில் சரியாக உட்கார்ந்திருந்தது. டிஸ்க்குக்கு எங்கள் எல்லைக்கோடுகள் தெரியாது. அதைத் தெரிந்த ஆள் டிரைவர் ஒன்றுதான்.

"சார், இது நம்ம டிரைவர்தான்" என்றேன்.

"அந்த டிரைவர் எவ்வளவு இடத்துல ஓடுது தெரியுமா? வேற யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலியே."

"வேற யாரும் பாக்கலன்னு அர்த்தம் சார். ஆம்பளை வயித்துல குழந்தை இருந்ததால இது கண்ணுல பட்டுச்சு. ஒரு கிட்னி படத்துல இன்னொருத்தர் கிட்னி விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"சரி, தேடுங்க" என்றார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

டிரைவரை முதல் வரியிலிருந்து படித்தேன். அதன் அடிப்படையை எழுதியது, டிஸ்க்கை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர் சிப்பைச் செய்கிற ஒரு கம்பெனி. எங்களிடம் வந்தபின் வேகத்துக்காக ஒருவர் மாற்றியிருந்தார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நல்ல கைகாரர் என்று அவர் எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரே ஒரு இடத்தில் எனக்கு விரல் நின்றது. டிஸ்க்கிடம் ஒரு துண்டைக் கேட்போம். அது வந்து விழுவதற்காக மெமரியில் இடம் ஒதுக்குவோம். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், தேறாது என்று முடிவுகட்டி, அந்த இடத்தை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அது உடனே வேறு வேலைக்குப் போய்விடும். ஆனால் டிஸ்க்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர் சிப்பிடம், "நீ இனிமேல் கொண்டுவர வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை. புதிய வடிவத்தில் வேகத்துக்காக அந்தப் படியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு இதை போனில் இப்படிச் சொன்னேன்: "லாட்ஜுல ஒருத்தருக்கு ரூம் போடுறாங்க டாக்டர். அவரோட சாமான் லாரியில வருது. லாரி லேட்டு. இனிமே வராதுன்னு ரூம வேற ஒருத்தருக்கு குடுத்துட்டாங்க. லாரிக்காரருக்கு யாரும் சொல்லல. அவரு பாட்டுக்கு வந்து, ரூம் நம்பரப் பாத்து, சாமான எறக்கிட்டுப் போயிட்டாரு."

"யாரோ பழைய பேஷன்ட் படத்த நான் தொறந்து பாக்குறப்ப, அந்த சாமான் இப்ப வர்ற பேஷன்ட் ரூம்ல எறங்குது. அப்படித்தான?"

"அப்படியேதான் டாக்டர்."

"அப்ப சரி பண்ணு."

அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. விட்டுக்கொடுத்த மெமரியை யாராவது மறுபடி தொட்டால் கையும் களவுமாகப் பிடிக்கிற ஒரு சோதனைக் கருவி எங்களிடம் இருக்கிறது. அதைப் போட்டு, பெங்களூர் லேபில் உள்ள பெட்டியில் நாள் முழுக்க ஓட்டினோம். ஒரு தப்பும் இல்லை என்றது. மேனேஜர் உடனே கூப்பிட்டார்.

"டூல் க்ளீன்னு சொல்லுது. மெமரி பிரச்சினை இல்ல. டாக்டர்கிட்ட யூபிஎஸ்ஸ மாத்தச் சொல்லுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. வஞ்சிர மீனை வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கத்தி மீன்மேல் கொஞ்சம் பலமாகவே இறங்கியது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மீனு என்னா பண்ணுச்சு உன்ன?" என்றார். அவர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். உறவில் எனக்கு அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"டூலு பொய் சொல்லுது மாமா."

"பொய் சொல்லுதா, இல்ல தெரியாம சொல்லுதா?"

அவர் சும்மா கேட்டார். ஆனால் பதில் எனக்குத் தெரிந்ததுதான், கோபத்தில் மறந்திருந்தேன். அந்தக் கருவி பிராசசர் தொடுகிற மெமரியை மட்டும் பார்க்கும். கன்ட்ரோலர் சிப் பிராசசரைக் கேட்காமல் நேரடியாகவே மெமரியில் எழுதும். வேகத்துக்காக அப்படித்தான் எல்லா இடத்திலும் செய்திருக்கிறார்கள். கருவி முன்வாசலில் காவல் நிற்கிறது, சாமான் பின்வாசல் வழியாக இறங்குகிறது. அதோடு லேபில் டிஸ்க் ஒருநாளும் தாமதம் செய்வதில்லை. அங்கே கரன்ட்டும் சீராக வருகிறது. நோயே வராத இடத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

கையைக் கழுவிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "எனக்கு சிதம்பரத்துல ஒரு ஞாயித்துக்கெழமை வேணும் சார். பேஷன்ட் இல்லாத நாளு. அங்கதான் இது நடக்குது. அங்கயே புடிக்கிறேன்."

"புடிக்கலன்னா?"

"புடிப்பேன்."

அப்படிச் சொல்ல எனக்குத் தயக்கமே வரவில்லை. எங்கே, எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் காட்டுவது மட்டும்தான்.

ஞாயிறு காலையில் மாமா பைக்கில் கூட்டிப்போனார். சிப்காட்டைத் தாண்டும்போது வழக்கமான வாசனை. அவர் மூக்கைச் சுளிக்காமல், "இது எங்க பிளான்ட் இல்ல, பக்கத்துது" என்றார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம். வெயில் ஏறுவதற்குள் சிதம்பரம் போய்விட்டோம்.

சென்டரில் டாக்டரம்மா மட்டும் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவை, ரப்பர் செருப்பு. ஒரு நாற்காலியைக் காட்டி, "உக்காரு. என்ன செய்யணும்னு சொல்லு, செய்யிறேன்" என்றார்.

நான் ஒரு சோதனை டிரைவர் தயார் செய்து கொண்டுவந்திருந்தேன். நேரம் கடந்து திருப்பிக் கொடுக்க வேண்டிய மெமரியை அது உடனே யாருக்கும் தராது. ஒரே எழுத்தை அதில் திரும்பத் திரும்ப எழுதி நிரப்பித் தனியே ஒதுக்கி வைக்கும். கொஞ்சம் பொறுத்துத் திறந்து பார்க்கும். நிரப்பியது அப்படியே இருந்தால் என் சந்தேகம் தப்பு. மாறியிருந்தால், யாரும் தொடக்கூடாத இடத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

சோதனைக்குப் படங்கள் வேண்டும். நோயாளிகளின் படங்களைத் தொட எனக்கு விருப்பமில்லை. டாக்டரம்மா சுற்றிப் பார்த்தார். மாமா வாசல் பக்கம் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க வாங்க. சட்டைய தூக்கிட்டுப் படுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லியே டாக்டர்."

"அத நான் சொல்லணும்."

மாமாவின் வயிற்றை எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். "ஈரல்ல கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி. பரோட்டாவக் கொறைங்க" என்றார். சோதனைக்காகப் படுத்த மனிதர் நோயாளியாக எழுந்தார்.

அந்தப் படங்களைப் பெட்டியில் சேர்த்து, அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தேன். டாக்டரம்மா மெயின் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றார். நான் சொல்லும்போது கரன்ட்டை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் யூபிஎஸ்ஸுக்கு மாறும். அது பழையது, மாறுகிற கணத்தில் மின்சாரம் ஒரு குலுக்கு குலுக்கும். பெட்டி தாங்கிக்கொள்ளும், டிஸ்க் மட்டும் தடுமாறி நின்று மறுபடி சுழல ஆரம்பிக்கும். கன்ட்ரோலர் சிப் பொறுமையாகக் காத்திருந்து, டிஸ்க் தெளிந்ததும் கேட்டதை வாங்கிக்கொண்டு வரும். டிரைவருக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

"இப்ப."

ஆஃப் செய்தார். மின்விசிறி நின்றது. திரையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆன் செய்தார். மறுபடி. மறுபடியும் ஒன்றும் இல்லை. மாமா டீ வாங்கிவந்தார். குடித்துவிட்டு மறுபடி. டாக்டரம்மா சலிக்கவே இல்லை. சுவிட்சில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கின் தாமதமும் படத்தைப் படிப்பதும் ஒரே கணத்தில் விழ வேண்டும். அதற்குப் பல தடவை ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொரு தடவை ஆஃப் செய்தபோது திரையில் என் எச்சரிக்கை வரி ஓடியது. ஒதுக்கி வைத்த மெமரி மாறியிருந்தது. நான் நிரப்பி வைத்த எழுத்து போன இடத்தில் வேறு ஏதோ. அதை அப்படியே எடுத்துப் படமாகத் திறந்தேன்.

டாக்டரம்மா குனிந்து பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்தார். "இது ஈரல். கொழுப்பு உள்ள ஈரல்." திரும்பி மாமாவைப் பார்த்தார். "உங்க ஈரல்தான் தம்பி."

நான் சிரித்துவிட்டேன். மாமா வந்து திரையை எட்டிப் பார்த்தார். "எங்க இருக்கக்கூடாதோ அங்க இருக்குதா?" என்றார்.

"ஆமாம் மாமா. அதேதான்."

திரையைப் படம் பிடித்து, மெமரியின் நிலவரத்தோடு மேனேஜருக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உடனே கூப்பிட்டார். "சாரி" என்றார். அதற்கு மேல் அவரும் இழுக்கவில்லை, நானும் இழுக்கவில்லை.

டாக்டரம்மா கேட்டார்: "யூபிஎஸ் மாத்திட்டா இது நின்னுடுமா?"

"நிக்கும். ஆனா நின்ன மாதிரி இருக்கும், அவ்ளோதான். வேற எதுக்காவது டிஸ்க் தாமதம் ஆனா மறுபடி வரும். யூபிஎஸ்ஸ நான் சரி பண்ணுற வரைக்கும் மாத்தாதீங்க. எனக்கு அது வேணும்."

"கெட்ட யூபிஎஸ் வேணும்னு கேட்ட மொத ஆளு நீதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து திருத்தத்தை எழுதினேன். நேரம் கடந்தால் முதலில் கன்ட்ரோலரிடம், கேட்டதை விட்டுவிடு என்று சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன் என்று அது பதில் சொன்ன பிறகே மெமரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிலே வராவிட்டால் கன்ட்ரோலரை முழுக்க நிறுத்தி, மறுபடி தொடங்கி, இனி அதன் கையில் பழைய வேலை எதுவும் இல்லை என்று உறுதியான பின் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. டிஸ்க்கின் பதில் வருவதும் நேரம் கடப்பதும் ஒரே கணத்தில் நடந்தால், இரண்டு பக்கமும் தனித்தனியே அதே மெமரியைத் திருப்பிக் கொடுத்தன. பெட்டி அடிக்கடி விழுந்ததன் காரணம் அது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அடையாளம் வைத்தேன். முதலில் எடுத்தவருக்கே பொறுப்பு. பின்னால் வருகிறவர் தொடாமல் திரும்ப வேண்டும்.

எழுதி, வீட்டில் சோதனைக்காக வைத்திருக்கும் பெட்டியில் ஓட்டினேன். அது விழவில்லை. நின்ற இடத்திலேயே உறைந்துபோனது. கீபோர்டைத் தட்டினாலும் அசையவில்லை.

"முன்ன விழுந்துச்சு, இப்ப நிக்குது. முன்னேற்றம்தான?" என்றார் மாமா.

கன்ட்ரோலரின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது, ஒரே நேரத்தில் ஒரு நிரலை மட்டும் உள்ளே விடும் பூட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். அந்தப் பதிலை வாங்கி வருகிற நிரலுக்கும் அதே பூட்டு தேவை. நான் அதற்காக, அது எனக்காக. கண்டுபிடிக்க ஒரு மதியம் ஆனது. காத்திருப்பதற்கு முன் பூட்டை விட்டுவிடும்படி மாற்றினேன். அதன் பிறகு அது ஓடியது. வேண்டுமென்றே டிஸ்க்கைத் தாமதப்படுத்தி, பதிலை முன்னும் பின்னுமாக வரவைத்து, நான் அதை எவ்வளவோ பாடு படுத்தினேன். சிதம்பரத்தில் அந்தக் கெட்ட யூபிஎஸ்ஸோடும் ஓட்டிப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

வெளியிடும் நேரத்தில் ஒரு கூட்டம். கம்பெனிக்கு வெளியே போகும் அறிவிப்பில் 'செயல்திறன் மேம்பாடு' என்று போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"இதுல மேம்பாடு எதுவும் இல்ல சார். கொஞ்சம் வேகம் கொறையும்கூட. ஒருத்தர் படத்துல இன்னொருத்தர் படம் விழுந்திருக்கலாம்னு போடணும். இதுவரைக்கும் சேந்த படத்தையெல்லாம் சரிபாக்கணும்னு போடணும்."

"பயந்துடுவாங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பயப்படட்டும். பயந்தாத்தான் பாப்பாங்க. எழுதுறதுக்கு ஆளு இல்லன்னா நான் எழுதித் தரேன்."

மேனேஜர்தான் கடைசியில், "எழுதுங்க. என் பேர்ல அனுப்புறேன்" என்றார். எழுதினேன். ஒரு சொல் மாற்றாமல் அனுப்பினார்.

டாக்டரம்மாவின் சென்டரில் சரிபார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு வகையில் எங்களுக்கு நல்ல நேரம். கோளாறு உள்ள டிரைவர் அங்கே வந்தது பொங்கலுக்குப் பிறகுதான். ஸ்கேன் மெஷின் தன் சொந்த டிஸ்க்கில் அதற்கு முன்பிருந்தே படங்களை வைத்திருந்தது. மெஷினில் உள்ள படத்தையும் பெட்டியில் உள்ள படத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடும் சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். சென்டரின் கணினியிலேயே ஓடியது. ஒரு படமும் வெளியே போகவில்லை. பெரும்பாலானவை சரியாக இருந்தன. சில படங்களில் பட்டை இருந்தது. அவற்றில் பல, ரிப்போர்ட்டைப் பாதிக்காத ஓரத்தில். ஒன்று மட்டும் அப்படி இல்லை.

பெண்ணாடம் பக்கத்து ஆள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவர். இடது சிறுநீரகத்தில் கட்டி போல ஒரு நிழல் தெரிகிறது, புதுச்சேரி போய் மேல்சோதனை செய்துகொள்ளுங்கள் என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மெஷினில் இருந்த படத்தில் அந்த நிழல் இல்லை.

டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு வரச் சொன்னார். என்னையும் வரச் சொன்னார். "நீ வரணும்னு இல்ல. ஆனா வா" என்றார். போனேன்.

அவரும் மனைவியும் வந்திருந்தார்கள். ஒடிசலான ஆள். சட்டைப் பையில் அந்த ரிப்போர்ட்டை மடித்து வைத்திருந்தார். டாக்டரம்மா முதலில் எதுவும் பேசாமல் அவரைப் படுக்க வைத்து, தானே ஸ்கேன் செய்தார். மெதுவாக, இரண்டு பக்கமும். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு அவர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. அன்னிக்கு நான் எழுதினது தப்பு. வேற ஒருத்தர் படத்துல ஒரு துண்டு உங்க படத்துல கலந்திருந்துச்சு. அதப் பாத்து எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் அழவில்லை. முகம் இறுகியது.

"சாப்பாடு எறங்குலம்மா எனக்கு. புதுச்சேரி போவுறதுக்குப் பயந்துகினு, லாரியும் எடுக்காம உக்காந்திருந்தேன். பொண்ணுக்கு மாப்ள பாக்குறத நிறுத்திட்டோம். கலந்துடுச்சுன்றீங்க. சாம்பாரா கலக்குறதுக்கு?"

"படம் வச்சிருக்கிற பொட்டி எங்களுதுங்க" என்றேன். "அதுக்குள்ள தப்பு இருந்துச்சு. கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டோம். உங்களுக்கு நடந்ததுக்கு நாங்கதான் பொறுப்பு."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினாலும் சரி என்றே நின்றேன். அவர் திட்டவில்லை. டாக்டரம்மா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப அது யாருது?"

"எது?"

"அந்தக் கட்டி. என்னுது இல்லன்னா வேற யாரோடதோ தான? அவுங்களுக்குத் தெரியுமா?"

எத்தனையோ பேர் என்னிடம் இந்தக் கோளாறைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மேனேஜர், கூட்டத்தில் இருந்தவர்கள், வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "தெரியும். யாரு படத்துலேருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்துட்டேன், பேரு நான் சொல்லக்கூடாது. அவுங்க படம் பொட்டியில சரியாத்தான் இருக்கு, அன்னிக்கே பாத்தாச்சு. வைத்தியம் நடக்குது. நல்லா இருக்காங்க."

"அப்பன்னா சரி" என்றார். சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா புதிதாக ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மனைவி வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "இன்னமே யாருக்கும் ஆவாதில்ல?" என்று என்னைக் கேட்டார்.

"ஆவாது" என்றேன்.

அவர்கள் போன பிறகு டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டார். "நாளையிலேருந்து பொட்டியில பாத்தே எழுதுறேன். யூபிஎஸ்ஸ இப்பவாவது மாத்தலாமா?"

"மாத்திடுங்க டாக்டர்."

கடலூர் பஸ்ஸில் கூட்டம். புதுச்சத்திரம்வரை நின்றுகொண்டே வந்து, அங்கே ஒருவர் இறங்கியதும் உட்கார்ந்தேன். போனில் ஒரு கடிதம் வந்திருந்தது. என் திருத்தத்தை சிப் செய்கிற கம்பெனிக்கும் அனுப்பியிருந்தேன். வேகத்துக்காக எங்கள் ஆள் செய்த மாற்றத்தை அவர்களும் தங்கள் டிரைவரில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே சிப்பை வைத்து வேறு பலரும் பெட்டி செய்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அது போய்ச் சேர வேண்டும். அங்கிருக்கும் பொறியாளர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நேரம் கடந்து கைவிட்ட பிறகும் கன்ட்ரோலர் மெமரியில் எழுதும் என்பது ஊகமா, உறுதியா?

பஸ் குலுங்கியதில் தப்பும் தவறுமாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினேன். உறுதி. நேரில் பார்த்திருக்கிறேன். ஆதாரம் இணைப்பில் இருக்கிறது.

அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன். அடுத்த வாரம் அவர்கள் அந்தத் திருத்தத்தைத் தங்கள் டிரைவரில் சேர்த்துக்கொண்டார்கள்.